கார்டில் ஏறிய தெரியாத ஹோட்டல் கணக்கு: எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பாலோவில் இருக்கும் என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறும் நேரத்தில் கூப்பிட்டார். "தம்பி, கார்டுல 261 வெள்ளி 60 காசு ஏறியிருக்கு. யாரு எடுத்தான்னே தெரியல. ஏதோ ஒரு செண்டிரியான் பெர்ஹாட் பேரு போட்டிருக்கு." செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் முப்பது ஆண்டு கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பத்துக் காசு இடித்தாலும் பேரேட்டை மூடமாட்டார். அப்படிப்பட்டவரே அடுத்த மூச்சில், "பேசாம கட்டித் தொலைச்சிடவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது. பாலோ மாதிரி ஊர்களில் இப்படிக் கட்டித் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். பேங்க் வேலை என்றால் குளுவாங்குக்குப் போக வேண்டும், அரை நாள் கெட்டுவிடும். போனில் கேட்கலாம் என்றால் இயந்திரம் 'ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து' என்கிறது. மேலே கேட்டால் பேர் கெட்டுவிடுமோ, அடுத்த முறை வீட்டுக் கடன் கிடைக்காதோ என்று ஒரு பயம் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஒரு எளிய உண்மை மறந்துபோகிறது. காசை எடுத்தவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். நீங்கள் கேட்க வேண்டும்; எழுத்தில் கேட்க வேண்டும்; நாள் தாண்டாமல் கேட்க வேண்டும். அக்காவும் நானும் அதைச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரியைப் படியுங்கள்

ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு கணக்குக்கும் பொதுவாக இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று கார்டில் காசு எடுத்த நாள், மற்றது பேங்க் அதைக் கணக்கில் ஏற்றிய நாள். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் தேதி. அந்த நாளில் எங்கே இருந்தீர்கள், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் எங்கே தங்கினீர்கள், யாருக்காவது அறை எடுத்துக் கொடுத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். துணைக் கார்டு வைத்திருக்கும் மகனையோ மகளையோ கேளுங்கள். துணைக் கார்டில் செய்யும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது பெயர். வாசலில் மின்னும் ஹோட்டல் பெயர் ஒன்றாக இருக்கும், பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். ஸ்டேட்மெண்டில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் சுருக்கமாக இருந்தால் அதுவே நல்ல துப்பு. அக்காவின் வரியில் 'பினாங்கு' என்று இருந்தது. முந்தைய மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தது உடனே நினைவுக்கு வந்தது. அறை வாடகை எல்லாம் அங்கேயே தீர்த்தாயிற்று, ரிசிட்டும் கையில் இருக்கிறது. பிறகு இது என்ன?

நிறுவனப் பெயரைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று குழப்புகிற அதே பெயர், விஷயம் முற்றினால் பெரிதாகப் பயன்படும்.

மூன்றாவதாக, காசு உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது பிடித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பம்பில் கார்டைப் போட்டால், முப்பது வெள்ளிக்கு எண்ணெய் அடித்தாலும் முதலில் 200 வெள்ளி பிடித்துக்கொள்வது நமக்கெல்லாம் தெரியும். ஹோட்டல் டெபாசிட்டும் அதே மாதிரிதான். அறைச் சாவி வாங்கும்போது ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள்; சாவியைத் திருப்பிக் கொடுத்த சில நாளில் அது தானாக விடுபடும். பேங்க் செயலியில் 'நிலுவை' என்று காட்டினால் அது இன்னும் பிடிப்புதான். அதற்குப் புகார் எழுதினால் பேங்க் எடுத்துக்கொள்ளாது. ஹோட்டலைக் கூப்பிட்டு விடுவிக்கச் சொல்லுங்கள். மாதாந்திர ஸ்டேட்மெண்டில் வந்துவிட்டால் காசு போய்விட்டது என்று பொருள். அடுத்த அடிக்குப் போகலாம்.

பென்சிலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. எங்கள் விஷயத்தில் பூட்டு திறந்ததே இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மலேசியாவில் ஹோட்டல் பில் என்பது அறை வாடகை மட்டும் இல்லை. பல ஹோட்டல்கள் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் போடும். இது அரசாங்கத்துக்குப் போகாது, ஹோட்டலுடையது. அதற்கு மேல் அரசாங்கத்தின் சேவை வரி. தங்குமிடத்துக்கு அது 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தது. சாப்பாட்டுக்கு 6 என்றே தொடர்கிறது. அதனால் ஒரே பில்லில் இரண்டு விகிதம் இருந்தால் பதற வேண்டாம். இரவுக்கு ஓர் அறைக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி 2017 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் அடையாளக் கார்டைக் காட்டிய பிறகும் அந்த 10 வெள்ளி பில்லில் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். பினாங்கில் இவற்றோடு மாநிலத்தின் ஹோட்டல் கட்டணமும் உண்டு. 2014 முதல் நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ளவற்றில் இரவுக்கு 3 வெள்ளி, மற்றவற்றில் 2 வெள்ளி.

அக்காவின் மகன் பதிவு செய்த அறையின் வாடகை இரவுக்கு 220 வெள்ளி. நான் போனில் சொல்லச் சொல்ல அக்கா பழைய கிராணிக் கையெழுத்தில் எழுதினார். 220. சேவைக் கட்டணம் 22. சேவை வரி 17 வெள்ளி 60 காசு. மாநிலக் கட்டணம் 2. கூட்டினால் 261 வெள்ளி 60 காசு.

"தம்பி, சரியா இருக்கு!" என்றார். குரலே மாறிவிட்டது.

இது மினிபாரும் இல்லை, உடைந்த கண்ணாடியும் இல்லை. யாரோ ஓர் அறையை ஓர் இரவுக்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். உங்கள் தொகையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஓர் இரவு வாடகையோடு காசு சுத்தமாக ஒத்துப்போனால், 'வருவதாகச் சொல்லி வராதவர்' என்று உங்களைப் பதிந்திருக்கலாம், அல்லது ஒரே பில்லை இரண்டு தடவை எடுத்திருக்கலாம். வட்டமாக 50, 100, 200 என்று நின்றால் டெபாசிட்டோ அபராதமோ. சிங்கப்பூரிலோ தமிழ்நாட்டிலோ தங்கியபோது, உள்ளூர் நாணயத்தில் சொன்ன விலைக்கும் ஸ்டேட்மெண்டில் வந்த வெள்ளிக்கும் இடையில் சில விழுக்காடு இடித்தால், முகப்பில் இயந்திரம் 'வெள்ளியிலேயே கட்டுகிறீர்களா?' என்று கேட்டதற்கு நீங்கள் சரி என்று அழுத்தியிருக்கலாம். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம். ஆனால் சம்மதித்து அழுத்தியதை எதிர்ப்பது கடினம்.

தெரியாத ஹோட்டலா, தெரிந்த ஹோட்டலின் தெரியாத தொகையா?

பேங்க் பாரத்தில் காரணம் கேட்கும் கட்டங்கள் இருக்கும். அவற்றில் முதலில் கண்ணில் படுவது 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்பதாக இருக்கும். கோபத்தில் இருப்பவர்கள் அதில்தான் கை வைப்பார்கள். தங்கிய ஹோட்டல் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அந்தக் கட்டத்தின் பொருள், என் கார்டை வேறு யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினார்கள் என்பது. பேங்க் உடனே கார்டை முடக்கிப் புதியது அனுப்பும். ஹோட்டலோ நீங்கள் கையெழுத்திட்ட பதிவுத் தாளையும் அடையாளக் கார்டு விவரத்தையும் எடுத்து வைக்கும். 'இவர் இங்கே தங்கியவர்தான்' என்று நிரூபணமானதும் உங்கள் புகார் விழுந்துவிடும். உண்மையில் நீங்கள் சொல்ல நினைத்தது 'தங்கினேன், ஆனால் இந்தத் தொகைக்கு நான் சம்மதிக்கவில்லை' என்பது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தவறான கட்டத்தைத் தேர்ந்ததால் தோற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பாரத்தில் இதை யாரும் விளக்கி எழுதுவதில்லை.

உங்களுக்குப் பொருந்தக் கூடியவை இவை: ஒரே தொகை இரண்டு தடவை எடுக்கப்பட்டது, ஒப்புக்கொண்டதைவிட அதிகம் எடுக்கப்பட்டது, பதிவை ரத்து செய்தும் காசு எடுக்கப்பட்டது, வேறு வழியில் கட்டிய பிறகு கார்டிலும் எடுக்கப்பட்டது, திருப்பித் தருவதாகச் சொன்ன காசு வரவில்லை. இவற்றில் எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். பேங்க் ஊழியரிடம் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை, அந்த ஒரு வாக்கியம் போதும்.

அந்த ஊர்ப் பக்கமே நீங்கள் போனதில்லை, வீட்டிலும் யாரும் போகவில்லை என்றால் கதை வேறு. அப்போது ஒரு நிமிடமும் பொறுக்க வேண்டாம். கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். மோசடி என்று தெரிந்தால் தேசிய மோசடிப் பதில் மையத்தின் எண் 997. போலீசில் ஒரு ரிப்போர்ட் செய்துவிடுங்கள், பேங்க் அதைக் கேட்கும். கார்டு தொலைந்தோ திருடுபோயோ பிறர் பயன்படுத்தியிருந்தால், நீங்கள் தாமதமின்றித் தெரிவித்திருக்கும்வரை, உங்கள் பொறுப்பு 250 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. இதற்கிடையில் 'ஹோட்டலிலிருந்து பேசுகிறோம், காசைத் திருப்பித் தருகிறோம், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்' என்று எவராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். காசைத் திருப்பித் தர அந்த எண் எவருக்கும் தேவையில்லை.

ஹோட்டலுக்கு எழுதுங்கள்

போன் செய்யலாம், தவறில்லை. ஆனால் போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. முகப்பில் இருக்கும் பிள்ளை 'மேனேஜரிடம் சொல்கிறேன்' என்று வைத்துவிடும். அடுத்த முறை வேறு பிள்ளை எடுக்கும். ஆகவே மின்னஞ்சல். அது இல்லையென்றால் ஹோட்டலின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதி, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா எழுதியதன் சாரம் இது:

"மார்ச் மாதம் உங்கள் ஹோட்டலில் இரண்டு அறைகளில் இரண்டு இரவுகள் தங்கினோம். பதிவு எண்ணும் கட்டிய ரிசிட்டும் இணைத்திருக்கிறேன். அதன்பிறகு என் கார்டில் 261.60 வெள்ளி எடுக்கப்பட்டுள்ளது. இது எதற்கு என்பதை வரி வரியாகக் காட்டும் பில்லையும், இந்தத் தொகைக்கு நான் அளித்த சம்மதத்தின் நகலையும் ஏழு நாளுக்குள் அனுப்புங்கள். வராவிட்டால் என் பேங்கில் இந்தத் தொகையை எதிர்த்து மனு கொடுப்பேன்."

குற்றம் சாட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கேட்டது இரண்டு தாள்கள். கொடுத்தது ஒரு காலக்கெடு. மலாயில் எழுத உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் இரண்டு வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 'சீலா ஹந்தார் சாலினான் பில் தெர்பெரிஞ்சி', அதாவது விவரமான பில்லின் நகலை அனுப்புங்கள். 'சாயா தீடாக் பெர்செத்துஜு டெங்ஙான் சாஜ் இனி', இந்தச் சாஜுக்கு நான் உடன்படவில்லை.

இணையத் தளம் வழியாக அறை எடுத்திருந்தால், காசை வாங்கியது தளமா ஹோட்டலா என்று ஸ்டேட்மெண்டில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி. மற்றவருக்கு ஒரு நகல் போகட்டும். இல்லாவிட்டால் அவரைக் கேள் என்று இவரும், இவரைக் கேள் என்று அவரும் உங்களைப் பந்தாடுவார்கள்.

'நான் கார்டைத் தேய்க்கவே இல்லையே, எப்படி எடுத்தார்கள்?' என்று அக்கா கேட்டார். பதிவு செய்யும்போது உத்தரவாதத்துக்குக் கொடுத்த கார்டு எண் ஹோட்டலிடம் இருக்கும். வராமல் போனால் ஓர் இரவு வாடகை, அறையைக் காலி செய்த பிறகு தெரியவந்த மினிபார்க் கணக்கு, சேதம் போன்றவற்றை அதிலிருந்து எடுக்க, கார்டு நிறுவனங்களின் விதிகள் நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. அந்த நிபந்தனைகளில் முதன்மையானது, இப்படி எடுப்போம் என்று முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பது. சம்மத நகலைக் கேட்கச் சொன்னது அதனால்தான்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'மூன்றாவது அறைக்கு வராததால்' என்று ஒரே வரி. பெரியப்பாவுக்காக அக்காவின் மகன் பதிவு செய்த மூன்றாவது அறை அது. அவர் வர முடியாது என்று தெரிந்ததும், கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பே ரத்து செய்துவிட்டான். மூன்று நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பது பதிவின் நிபந்தனை. ரத்து எண்ணோடு வந்த மின்னஞ்சல் அவன் போனில் பத்திரமாக இருந்தது. யாருமே படுக்காத அறைக்கு மாநிலத்தின் இரண்டு வெள்ளியையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். ரத்து மின்னஞ்சலை அனுப்பினோம். அதன்பிறகு ஹோட்டலிடமிருந்து சத்தமே இல்லை.

பேங்கில் மனுக் கொடுப்பது

இங்கே நாள்தான் முக்கியம். கார்டு ஒப்பந்தத்தில், ஸ்டேட்மெண்டில் தவறு இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், இல்லையேல் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வாசகம் இருக்கும். பேங்குக்குப் பேங்க் மாறும். இரண்டு மூன்று வாரம் என்பது சாதாரணம். ஸ்டேட்மெண்டின் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில் தேடுங்கள். ஹோட்டல் பதிலுக்காகக் காத்திருந்து இந்த நாளைத் தவறவிடாதீர்கள். ஹோட்டல் பதில் வராவிட்டாலும் மனுவைக் கொடுத்துவிட்டு, பதில் வந்ததும் அதைச் சேர்த்து அனுப்பலாம்.

குளுவாங் வரை போகத்தான் வேண்டும் என்றில்லை. பிணக்குப் பாரத்தைப் பல பேங்குகள் இணையப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. நிரப்பிக் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பலாம். போனில் சொல்லிவிட்டால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். போனில் சொன்னால் புகார் எண் வாங்குங்கள்; அன்றே அதே விஷயத்தை எழுத்திலும் அனுப்புங்கள். அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போட்டு நாள், நேரம், பேசியவர் பெயர் எல்லாம் எழுதினார். பிறகு இரண்டு முறை அந்த நோட்டுத்தான் எங்களைக் காப்பாற்றியது.

இணைக்க வேண்டியவை: அந்த வரியை வட்டமிட்ட ஸ்டேட்மெண்ட், பதிவு உறுதி மின்னஞ்சல், கட்டிய ரிசிட், ரத்து மின்னஞ்சல், ஹோட்டலுடன் நடந்த எழுத்துப் போக்குவரத்து. விற்பனைச் சீட்டின் நகலை எடுத்துத் தரச் சில பேங்குகள் கட்டணம் கேட்கும். கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

இப்போது எல்லாரும் பயப்படும் விஷயம். மனு நடக்கும்போது காசு கட்ட வேண்டுமா? எதிர்க்காத மீதித் தொகையை முழுவதும், உரிய நாளுக்குள் கட்டிவிடுங்கள். எதிர்த்த தொகையை முடிவு தெரியும்வரை ஒதுக்கி வைக்கிறீர்களா, அதற்கு வட்டி ஓடுமா என்று பேங்கை எழுத்தில் கேளுங்கள். பேங்க் ஒதுக்கி வைக்காவிட்டாலும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒருபோதும் தவற விடாதீர்கள். மலேசியாவில் கிரெடிட் கார்டு வட்டி, நீங்கள் கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படியாக இருக்கிறது. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் சேரும், பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவிலும் அது தெரியும். வீட்டுக் கடனைப் பாதிப்பது அந்தத் தவணைத் தவறல்தான். புகார் கொடுப்பதால் எந்தக் கேடும் இல்லை. அக்காவிடம் இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டெபிட் கார்டில் போயிருந்தால் காசு ஏற்கெனவே உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. எதிர்க்கும் முறை ஏறக்குறைய இதேதான். ஆனால் முடிவு வரும்வரை உங்கள் காசு வெளியே நிற்கும். ஹோட்டலுக்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

பேங்க் அதை என்ன செய்கிறது

உங்கள் பேங்க் அந்தத் தொகையை விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக ஹோட்டலின் பேங்குக்குத் திருப்பி அனுப்பும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். பெரும்பாலான வகைப் பிணக்குகளில் உங்கள் பேங்குக்கு 120 நாள் அவகாசம் உண்டு. ஹோட்டல் தரப்புக்கு விசாவில் 30 நாளும் மாஸ்டர்கார்டில் 45 நாளும் பதில் சொல்ல நேரம். பதில் இல்லையென்றால் காசு உங்களுக்கு. பதில் வந்தால் வாதம் தொடரும். ஆகவே இரண்டு மூன்று மாதம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நடுவில் 'தற்காலிகமாக' அந்தத் தொகையை வரவு வைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் செலவழித்துவிடாதீர்கள். முடிவு மாறினால் அது மறுபடியும் ஏறும்.

ஹோட்டல் தாள்களை அனுப்பினால்

பேங்க் உங்களுக்கு ஹோட்டலின் பதிலை அனுப்பி, சில நாளுக்குள் கருத்துச் சொல்லச் சொல்லும். பலர் இங்கேதான் துவண்டுபோகிறார்கள். பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் வந்தால் நாம் தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளையும் எடுத்து, இது என்னை எதற்குப் பொறுப்பாக்குகிறது என்று மட்டும் கேளுங்கள். பதிவுத் தாள் நீங்கள் தங்கியதைக் காட்டும்; அறையில் புகை பிடித்ததைக் காட்டாது. அபராதத் தொகை எழுதிய விதி இருந்தால், உங்கள் கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறதா? சேதம் என்றால் படம் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது, பழுதுபார்த்த பில் எங்கே? மினிபார் என்றால் எந்தப் பொருள், எந்த நாள்? எங்கள் ஹோட்டல் அனுப்பியது முதல் பதிவு உறுதித் தாளை. அதில் மூன்று அறை என்று இருந்தது, உண்மைதான். அதற்குப் பின்னால் வந்த ரத்து மின்னஞ்சலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா இரண்டு தாள்களையும் தேதி தெரியும்படி அருகருகே வைத்துப் படம் எடுத்து, 'பின்னது முன்னதை ரத்து செய்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

பேங்க் கைவிரித்தால்

முதலில் பேங்கின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாகக் கேளுங்கள். அது வந்தும் உங்களுக்கு நியாயமாகப் படாவிட்டால், அல்லது 60 நாளாகியும் பதிலே வராவிட்டால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. எஃப்எம்ஓஎஸ் என்பார்கள். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்ததும் முதலீட்டுப் பிணக்குகளைப் பார்த்த சிட்ரெக்கும் ஒன்றாகி, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. பேங்கின் இறுதி முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். எங்கே தொடங்குவது என்று புரியாதவர்கள் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

எஃப்எம்ஓஎஸ் என்பது பேங்கின் மேல் புகார் செய்ய. ஹோட்டலின் மேல் போக வேண்டுமானால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. வெறும் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இரு தரப்பும் பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது; ஹோட்டலின் ஆள் ஒரு நாற்காலியில், நீங்கள் ஒரு நாற்காலியில். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். பினாங்கில் நடந்ததற்காகப் பினாங்குக்கே ஓட வேண்டுமோ என்று அஞ்சி விட்டுவிடாதீர்கள். இணையம் வழியாகப் பதியலாம். எங்கே விசாரிப்பார்கள் என்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் குறித்து வைத்த நிறுவனப் பெயர் இங்கேதான் உதவும். மனுவில் எதிர்த்தரப்பாக எழுத வேண்டியது வாசல் பலகையில் இருக்கும் பெயரை அல்ல, பதிவு செய்த செண்டிரியான் பெர்ஹாட்டின் பெயரை.

சிங்கப்பூர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

பாலோவிலும் குளுவாங்கிலும் பல இளைஞர்கள் சிங்கப்பூர் சம்பளக்காரர்கள். கார்டும் அங்கேயே எடுத்திருப்பார்கள். ஹோட்டல் மலேசியாவில் இருந்தாலும், கார்டு கொடுத்த பேங்க் எந்த நாடோ அந்த நாட்டில்தான் மனு. பேங்க் மறுத்தால் எஃப்எம்ஓஎஸ் பக்கம் வர முடியாது. அங்கே ஃபிட்ரெக் என்னும் நிதித் துறைப் பிணக்குத் தீர்வு மையம் இருக்கிறது. மலேசிய ஹோட்டலுக்கு எதிராக இங்குள்ள நடுவர் மன்றம் உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

காசு வந்த பிறகும் ஒரு தடவை பாருங்கள்

ஜூன் மாத ஸ்டேட்மெண்டில் 261.60 வரவு என்று வந்தது. அக்கா போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மகனுக்கு ஒரு பெரிய பிரியாணிப் பொட்டலம் போனது, ரத்து மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்ததற்கு.

ஆனால் அந்த வரவு தற்காலிகமா நிரந்தரமா என்று பேங்கை எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு மனு நடந்த மாதங்களின் ஸ்டேட்மெண்டுகளை எல்லாம் திரும்ப எடுத்து, எதிர்த்த தொகைக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ போட்டிருக்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள்.

அக்கா பார்த்தார். மே மாதத்தில் 3 வெள்ளி 27 காசு வட்டி ஏறியிருந்தது. அன்று மத்தியானமே, என்னைக் கேட்காமல், அவரே பேங்குக்கு எழுதிவிட்டார்.